விண்கப்பல் சமையல்காரனின் குரல்

போன வருடம் சித்திரையில் ஒரு சாயங்காலம், இலுப்பூருக்குப் பக்கத்தில் அண்ணன் வீட்டில் நானும் மதினியும் டிவி பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் கத்தாரில் வேலை. "ஒங்கண்ணன் போன்ல வாழுறாரு, நான் சார்ஜர்ல வாழுறேன்" என்பார் மதினி. இந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் அங்கே போவதே.

தமிழ் பேச வைத்த வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர் ஒன்று ஓடியது. விண்வெளிக் கப்பலில் நடக்கிற கதை. அன்றைக்குக் கப்பலின் சமையல்காரன் பனியில் உறைந்துபோய்க் கிடக்கிறான். பூமியில் இருக்கும் அவன் அம்மாவிடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. அவன் முன்பு பேசிய பேச்சையே ஒரு ரோபோ தினமும் அனுப்புகிறது. "வீட்டுக் கூரை பறந்துருச்சுடா" என்று அம்மா அழ, "ரொம்ப சந்தோஷம்மா, சாப்டியா?" என்கிறது குரல். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

மதினி சிரிக்கவில்லை. செல்லை எடுத்தார்.

"அஞ்சு நாளா ஒங்கண்ணன் போனே எடுக்கலடி. வாய்ஸ் மட்டுந்தான் வருது. கேளு."

காலையில் வந்த வாய்ஸ்: "நல்லாருக்கேன். டூட்டிக்குக் கெளம்பிட்டேன். பிள்ளைக சாப்டுச்சா?" பின்னால் தட்டு விழும் சத்தம், யாரோ சிரிப்பது. மதினி விரலால் தள்ளித் தள்ளி, போன மாதத்து வாய்ஸ் ஒன்றைப் போட்டார். அதே பேச்சு. அதே தட்டு. அதே சிரிப்பு.

"டிவிய அமத்துடி."

அமர்த்தினேன். மதினி செல்லை வாயருகே வைத்து, "ஏங்க, சின்னவ படியில விழுந்து கையொடிஞ்சு போச்சுங்க" என்றார்.

எதிரில் முறுக்குத் தின்றுகொண்டிருந்த அவர் சின்ன மகள், "நான் எங்க விழுந்தேன்?" என்றாள்.

"வாய மூடு."

கேட்டாகிவிட்டது என்று நீலக் குறி விழுந்தது. பிறகு பதில்: "சரி சரி. ஒடம்பப் பாத்துக்க. லீவு கெடைச்சா சொல்றேன்."

குரல் அண்ணனுடையதுதான். ஆனால் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலே இருபது தடவை கூப்பிடுகிற மனிதர் அவர்.

மதினி கூப்பிட்டார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தது, அண்ணனோடு ஒரே அறையில் தங்கியிருந்த வல்லத்திராக்கோட்டைத் தம்பி.

"அக்கா... ஊர்ல காப்பு அவுத்தாச்சாக்கா?"

திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை எங்கள் ஊருக்குள் யாரும் கெட்ட சேதி கொண்டுவர மாட்டார்கள். கடல் தாண்டிப் போனாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது மறக்காது. அன்றைக்குக் காப்பு அவிழ்க்க இன்னும் மூன்று நாள் இருந்தது.

மதினி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவுத்தாச்சு தம்பி" என்றார். "சொல்லுங்க."