பை தூக்கியவனுக்கு ஒரு பரீட்சை

1. மனேஜர் அம்மாவின் கெடு

“உங்கடை புரோபட்சைட் முடிய இன்னும் மூண்டு கிழமைதான் இருக்கு. அதுக்குள்ளை பிளாட்ஸ்ரைஃப எடுக்காட்டில் உங்களை நிரந்தரமாக்க ஏலாது” என்றார் மனேஜர் அம்மா. அவர் சொன்னது ஜெர்மனில். எனக்கு எந்த மொழியும் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் மண்டைக்குள் இறங்கும். ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் விளக்கம். புரோபட்சைட் என்பது வேலையில் முதல் ஆறு மாதத் தகுதிகாண் காலம். பிளாட்ஸ்ரைஃப என்பது கோல்ஃப் மைதானத்தில் இறங்கி ஆடுவதற்கான சான்றிதழ். இந்த நாட்டில் தூண்டில் போடவே லைசென்ஸ் வேண்டும். பந்தை மட்டும் சும்மா விடுவார்களா?

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் இருபத்தாறு வருடம் பெட்டி ஏற்றி இறக்கி முதுகு போன பிறகு ஒரு கோல்ஃப் கிளப்பில் கிடைத்தது இந்த மார்ஷல் வேலை. சின்ன வண்டியில் மைதானத்தைச் சுற்றி வந்து, ஆமை மாதிரி ஆடுபவர்களைக் “கொஞ்சம் கெதியா” என்று கெஞ்ச வேண்டும், அவ்வளவுதான். முதுகுக்கு இதைவிட நல்ல வேலை கிடைக்காது. இழக்க எனக்கு மனமே இல்லை.

“ஆசியாவின்ரை பெரிய புரொஃபெஷனல் டூர்னமென்டுகளிலை கெடியா நிண்டனான்” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“நல்லது. அதுக்குச் சேர்டிபிகேட் இருக்கோ?”

இல்லை. எங்கே போவது?

2. கொழும்பு

எண்பதுகளின் கடைசியில் வெளிநாடு போகக் கொழும்பில் காத்திருந்தேன். ஏஜென்ட் சொன்ன “அடுத்த கிழமை” இரண்டு வருடம் நீண்டது. தங்கியிருந்த அறைக்குப் பக்கத்தில் கோல்ஃப் கிளப். பசி என்னைக் கெடி ஆக்கியது. கெடி என்றால் விளையாடுபவரின் பையைச் சுமப்பவன். அத்தோடு, பந்து உருளும் வழியையும் அவன்தான் சொல்ல வேண்டும்.

ஆசிய சுற்றுப்போட்டி கொழும்புக்கு வரும் வாரம் எங்களுக்குத் திருவிழா. தாய்லாந்து, தைவான், பிலிப்பைன்ஸ் என்று எல்லா இடத்து ஆட்டக்காரரும் வருவார்கள். அவர்களுக்கு எங்கள் புல் தெரியாது, எங்களுக்கு அவர்கள் பாஷை தெரியாது. கையால் “ரெண்டு சாண் இடப்பக்கம்” என்று காட்டுவோம். பந்து குழிக்குள் விழுந்தால் கட்டிப்பிடிப்பார்கள். விழாவிட்டால் அவர்கள் பாஷையில் ஏதோ சொல்வார்கள். விளங்காதது எவ்வளவு நல்லது என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். அந்த இரண்டு வருடத்தில் நானாக அடித்த பந்துகளை விரல்விட்டு எண்ணலாம்.

3. வாய்

ஒரு கிழமை விடாமல் அடித்துப் பழகிவிட்டுப் பரீட்சைக்குப் போனேன். என்னோடு ஆட வந்தவர் செந்தில், பிராங்பேர்ட்டில் ஐடி வேலை பார்க்கும் சென்னைக்காரர். பரீட்சகர், கிளப்பின் பயிற்சியாளர் பிரண்ட். ஒன்பது குழி ஆடிப் பன்னிரண்டு புள்ளி எடுத்தால் பாஸ்.

கோல்ஃபில் ஒரு விதி உண்டு: கூட ஆடுபவருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. சொன்னால் அந்தக் குழியில் அடித்த கணக்கோடு இரண்டு அடி தண்டனையாகச் சேரும், புள்ளி குறையும். கேட்டாலும் அதே தண்டனை. எழுத்துப் பரீட்சையில் இந்தக் கேள்விக்குச் சரியாகப் பதில் எழுதியவன் நான். ஆனால் செந்தில் பிழையான பக்கம் பார்த்து நிற்கும்போது என் வாய்க்கு அது ஞாபகம் வரவில்லை. மூன்றாவது குழியில் ஒன்று சொன்னேன், நாலாவதிலும் சொன்னேன். ஆறாவதில் அவரே கேட்டுவிட்டார்.

“அண்ணா, இது லெஃப்ட்ல போகுமா, ரைட்ல போகுமா?”

“தம்பி, உதிலை ஒரு வாளி தண்ணி ஊத்தினா எந்தப் பக்கம் ஓடும் எண்டு பாருங்கோ. பின்னுக்கிருக்கிற மேட்டைப் பாத்து ஏமாறாதேங்கோ. வலப்பக்கம்தான் ஓடும். ரெண்டு சாண் இடப்பக்கமா விடுங்கோ.”

பந்து வலப்பக்கம் வளைந்து குழிக்குள் விழுந்தது. “என்ன சொன்னவர்?” என்று பிரண்ட் கேட்டார்.

“என்ரை மகளின்ரை பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேக்கிறார்” என்றார் செந்தில் ஜெர்மனில், கண் இமைக்காமல்.

முடிவில் எனக்குப் பதின்மூன்று புள்ளி, செந்திலுக்குப் பதினெட்டு. புள்ளி அட்டையில் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தேன். அப்போது கொழும்பில் நான் பை தூக்கிய தைவான்காரர் நினைவுக்கு வந்து தொலைத்தார். கடைசிக் குழியில், நீண்ட புல்லுக்குள், அவர் அடிக்க நிற்கும்போது பந்து ஒரு அரிசியளவு அசைந்தது. எங்கள் இருவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. தனக்குத்தானே ஒரு அடி தண்டனை போட்டார். அந்த ஒரு அடியால் அடுத்த சுற்றுக்குப் போகாமல் வெளியேறினார். என் சம்பளத்தில் பாதியும் அவரோடு வெளியேறியது. ஏன் சொன்னீர்கள் என்று கோபத்தில் கேட்டேன். அவருக்குத் தெரிந்த பத்து ஆங்கிலச் சொல்லை வைத்துச் சொன்னார்: “நான் பாத்தது. நீ பாத்தது. ரெண்டு பேர். பெரிய கூட்டம்.”

பேனாவை வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

பிரண்ட் கணக்குப் போட்டார். மூன்று குழியில் வாய் திறந்த நான் ஃபெயில். ஒரு தரம் மட்டும் கேட்ட செந்தில், தண்டனை கழித்தும் பாஸ். என் புண்ணியத்தில்.

“ஏண்ணா இப்படிப் பண்ணீங்க? நான் வாயே திறந்திருக்க மாட்டேனே” என்றார் செந்தில், பரிதாபம் கலந்த குரலில்.

பிரண்டின் கோபம் வேறு. “ஆறாவது இடப்பக்கம்தான் இறங்கும். செந்தில்டை பந்து விழுந்தது குருட்டு அதிர்ஷ்டம். பதினைஞ்சு வருசமா இஞ்சை படிப்பிக்கிறன்” என்றார்.

4. மறு டெர்மின்

மறு டெர்மின், அதாவது மறு பரீட்சைக்கான நாள், கிடைத்தபோது புரோபட்சைட் முடிய நாலு நாள் இருந்தது. கூட ஆட ஆள் இல்லாததால் பிரண்டே ஆடினார். ஆறாவதில் அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்லக் கேட்டார்.

“இது எந்தப் பக்கம்?”

என்னைச் சோதித்தாரா, உண்மையாகவே கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“மன்னியுங்கோ பிரண்ட். சொல்ல ஏலாது.”

அவர் வழக்கம்போல, இடப்பக்கம் இறங்கும் என்று நம்பி, வலப்பக்கமாக விட்டார். பந்து இன்னும் வலப்பக்கம் உருண்டு போயே போய்விட்டது. அவர் என்னைப் பார்த்தார். நான் மேலே போன விமானத்தைப் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு கஷ்டப்பட்டு எதையும் விழுங்கியதில்லை.

சரியாகப் பன்னிரண்டு புள்ளி. பிரண்ட் கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, சான்றிதழை என் கையில் தந்தார். பேனாவை மூடினார்.

“இப்ப பரீட்சை முடிஞ்சுது. வாங்கோ, ஆறாவதுக்குப் போவம்” என்றார்.

போகும் வழியில் ஒரு வாளி தண்ணீரும் எடுத்துக்கொண்டேன். பிள்ளைகளே, வழி தெரிந்திருப்பது ஒரு தகுதி, அதைச் சொல்லாமல் இருப்பது இன்னொரு தகுதி. சான்றிதழ் தருவது இரண்டாவதற்குத்தான்.