இதுவும் பிரசவம்தான்

குழந்தை தானாகப் போகவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவில் அப்படித்தான் பேச்சு பரவ இருந்தது. நான்தான் முடிவெடுத்தேன். எடுத்தது சரி என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தது. வந்த பெண்கள் இரண்டு கையிலும் கண்ணாடி வளையல்களை அடுக்கிவிட்டு, "வயிறு சின்னதாத்தான் கீது, பொண்ணுதான்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த வாரம் ஸ்கேனில் காரணம் தெரிந்தது. குழந்தைக்கு இரண்டு சிறுநீரகமும் உருவாகவே இல்லை. பனிக்குடத்தில் நீர் இல்லை, அதனால் நுரையீரலும் வளரவில்லை. முந்தைய ஸ்கேன்களில் இது பிடிபடவில்லை. அந்த அறைச் சுவரில் ஆணா பெண்ணா என்று கேட்கக் கூடாது என்று பலகை மாட்டியிருந்தது. நான் கேட்டது வேறு.

"பொறந்தா வலிக்குமா டாக்டர்?"

"பொறந்து கொஞ்ச நேரம்தாம்மா இருக்கும். அதுவும் மூச்சு விட முடியாம ரொம்ப கஷ்டப்படும்."

அதோடு எனக்கு முடிவாகிவிட்டது. கணவர் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அழுதால் முடிவு மாறிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு மாறவில்லை.

கருவைக் கலைப்பதற்கான மாதக் கெடு கடந்துவிட்டதால் மருத்துவர்கள் குழுவாகக் கூடிப் பார்த்து அனுமதி தர வேண்டும். தந்தார்கள். அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. ஊருக்குள் ஆட்டோ விடவில்லை, கிரிவலக் கூட்டத்தோடு கூட்டமாக வீட்டுக்கு நடந்தோம். வளையல் சத்தம் கேட்டுத் திரும்பிய யாரோ ஒரு அம்மா என் நெற்றியில் விபூதி இட்டு, "நல்லபடியா பெத்துப் பொழைச்சு வாம்மா" என்றார். எனக்குக் கோபம் வரவில்லை.

"வலிக்காம போவணும்னு வேண்டிக்கோங்க" என்றேன். பிரசவ வலியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

வீட்டில் மாமியார் காத்திருந்தார். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிர் வைத்துத் தனியாளாகப் பிள்ளைகளை வளர்த்தவர். ஊர் வாய்க்கு மட்டும்தான் பயப்படுவார்.

"வளையலைக் கழட்டிட்டுப் போம்மா. ஆஸ்பத்திரில நாலு பேரு பாப்பாங்க. யாரு கேட்டாலும் தானா போயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"பிரசவம் ஆவுற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு நீங்கதானே அத்தே சொன்னீங்க? இதுவும் பிரசவம்தான்."

எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான். ஆனாலும் அன்று பேசியதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். வயிற்றில் ஊசி போட்டு முதலில் குழந்தையின் இதயத்துடிப்பை நிறுத்துவார்கள், பிறகு வலி வரவழைப்பார்கள். ஊசிக்கு முன் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு கைகளையும் வயிற்றின் மேல் வைத்து வளையல்களைக் குலுக்கினேன். குழந்தைக்குக் கேட்கட்டும் என்றுதானே போடுகிறோம். உள்ளே லேசாக ஓர் அசைவு. அப்புறம் "போடுங்க" என்றேன். அதன் பிறகு கைகளை அசைக்கவே மனம் வரவில்லை.

பெண் குழந்தைதான். நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்தார். மூக்கு அப்படியே என் கணவருடையது. மாமியார் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைக் கேட்காமலேயே என் கையிலிருந்து இரண்டு பச்சை வளையல்களைக் கழற்றித் துணிக்குள் வைத்தார்.

"அது கேட்ட சத்தம். அது கூடவே போவட்டும்."

அப்படியே புதைத்தோம்.

வீட்டுக்குத் திரும்பிய அன்றே எதிர்வீட்டம்மா வாசலுக்கு வந்துவிட்டார். பால் கட்டிக்கொண்ட மார்பு வலியோடு நான் உள்ளே படுத்திருந்தேன்.

"வயித்துலயே தவறிடுச்சாமே?" என்று அவர் கேட்பது காதில் விழுந்தது. பதில் சொல்ல எழுந்தேன். அதற்குள் மாமியாரின் குரல், தெருவுக்கே கேட்கும்படி:

"தவறல. புள்ள கஷ்டப்படக் கூடாதுன்னு எம் மருமவதான் அனுப்பி வச்சா."

நான் மறுபடி படுத்துக்கொண்டேன்.