வாள், ராட்சசன், எங்கள் வீட்டுக்காரர்

போன மாதம் ஒரு ரொட்டியைத் திருடியதற்காக என்னை ஜெயிலில் போட்டுவிட்டார்கள்.

பதறாதீர்கள். நிஜ ஜெயில் இல்லை, வீடியோ கேம் ஜெயில். ஆனால் எனக்கு வந்த படபடப்பு நிஜம். இருபத்தெட்டு வருஷமாகக் கணக்கு டீச்சர் நான். பரீட்சை ஹாலில் எத்தனை பேரிடம் பிட்டுப் பேப்பரைப் பிடுங்கியிருப்பேன்! என்னைப் பார்த்து, இரும்புத் தொப்பி போட்ட ஒரு காவல்காரன் ‘திருடி’ என்கிறான்.

அப்படி என்ன செய்துவிட்டேன்? ஒரு வீட்டுக்குள் போனேன். மேசை மேல் ரொட்டி இருந்தது. எடுத்தேன். நம் ஊரில் ஒரு வீட்டுக்குள் போய், ஒன்றும் சாப்பிடாமல் திரும்பி வந்தால்தானே குற்றம்?

ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஜெனி, மூன்று மாதத்துக்கு முன்னால் புது கேம் மெஷின் வாங்கியதும் பழையதை ஆரப்பாளையத்துக்கு, எங்களுக்கு அனுப்பிவைத்தாள். டிவியில் மாட்டினால் போதும். கூடவே ஒரு கேம், வெளிநாட்டுக்காரர்கள் செய்தது. கோட்டை, குதிரை, டிராகன் எல்லாம் உண்டு. நாமே ஒரு ஆளாக மாறி அந்த உலகத்தில் வாழ வேண்டும் — அதற்கு ‘ரோல் பிளேயிங்’ என்று பெயர். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம் என்பதால் ‘ஓப்பன் வேர்ல்ட்’. அதுவரை எனக்குத் தெரிந்த கேம், செல்போனில் கலர் கலராக மிட்டாய் அடுக்குவது மட்டும்தான்.

நம்ப மாட்டீர்கள்... ஏழு வருஷமாக வாராவாரம் நீங்கள் படிக்கும் இந்தப் பத்தி, அந்த கேமால் நின்றுபோகப் பார்த்தது. காரணம் எங்கள் வீட்டுக்காரர். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால், இந்த மாதிரி கேமுக்குப் புதிதாகப் போகிறவர்கள் பாவம், என்னைப் போல் வெலவெலத்துப் போகக் கூடாது என்பதற்காக நான்கு வார்த்தை.

முதலில், அங்கே யாரும் உங்களுக்கு ஒன்றும் சொல்லித்தர மாட்டார்கள். ஆரம்பத்தில் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக் கூட்டிப்போவார்கள். பிறகு ஒரு கதவு திறக்கும். வெளியே மலை, காடு, ஆறு. அவ்வளவுதான், ஆளையே காணோம். ஜெனிக்குப் போன் போட்டு அடுத்து எங்கேடி போக வேண்டும் என்று கேட்டேன். எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்றாள். அதெப்படி? போர்ஷன் என்று ஒன்று இருக்காதா? எது முதல் பாடம், எது கடைசிப் பாடம் என்று சொல்லாமல் ஒரு கேமா?

சரி என்று வடக்குப் பக்கம் நடந்தேன். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, மரத்துக்குப் பின்னால் இருந்து ஒரு ராட்சசன் வந்தான். கையில் தூண் கனத்துக்கு ஒரு கட்டை. ஒரே போடு... போய்ச் சேர்ந்துவிட்டேன்! ‘இங்கே பலசாலிகள் உண்டு, புதியவர்கள் வர வேண்டாம்’ என்று ஒரு போர்டு வைத்தால் குறைந்தா போய்விடுவார்கள்? வைக்க மாட்டார்கள். அடி வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சேவ் என்று ஒரு பட்டன் இருப்பதும் எனக்கு அப்போதுதான் தெரியும். என் ஆளுக்கு மூக்கும் முழியும் அமைக்க மட்டும் முக்கால் மணி நேரம் செலவழித்திருந்தேன். எல்லாம் போச்சு. ஆகவே மகாஜனங்களே, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சேவ் செய்யுங்கள்.

அப்புறம், கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளாதீர்கள். ஒரு பாழடைந்த கோட்டையில் பித்தளைக் குவளை, வெண்கலத் தட்டு, கரண்டி என்று கேட்பாரற்றுக் கிடந்தன. விட்டுவிட்டு வர மனசு வருமா? அத்தனையும் பையில் போட்டேன். அதற்குப் பிறகு என் ஆள் ஓட மாட்டேன் என்கிறாள். சுமை கூடிப்போச்சாம். ஓநாய் துரத்துகிறது, நான் பாத்திரக்கடையைச் சுமந்துகொண்டு அன்ன நடை நடக்கிறேன்.

இதெல்லாம் சிரிப்பு. அடுத்தது சிரிப்பு இல்லை.

அந்த உலகத்தில் தெருவுக்குத் தெரு யாராவது வந்து உதவி கேட்பார்கள். பேசி முடித்ததும் நாம் சொல்ல வேண்டிய பதில்கள் கீழே வரிசையாக வரும். செய்கிறேன் என்று ஒன்று, முடியாது என்று ஒன்று, யோசிக்கிறேன் என்று ஒன்று. நான் எல்லோருக்கும் செய்கிறேன் என்றே சொன்னேன். மூஞ்சிக்கு நேராக எப்படி முடியாது என்பது? நம் ஊரில் கல்யாணத்துக்குக் கூப்பிட்டால், ‘கண்டிப்பா வாரேன்’ என்கிறோம். போகிறோமா என்பது வேறு விஷயம். சொன்னவருக்கும் தெரியும், கேட்டவருக்கும் தெரியும்.

அந்த கேமுக்கு அது தெரியவில்லை. ஒரு பெண், தன் தம்பி குகைக்குள் மாட்டிக்கொண்டான், காப்பாற்றுங்கள் என்றாள். சரி என்றேன். சொல்லிவிட்டு மலை மேல் ஏதோ வெளிச்சம் தெரிகிறதே என்று வேடிக்கை பார்க்கப் போய்விட்டேன். கேம் கணக்கில் நான்கு நாள் கழித்துத் திரும்பினால், தம்பி செத்துப்போயிருந்தான். அவள் அழவில்லை, திட்டவில்லை. ‘வருவதாகச் சொன்னாயே’ என்று மட்டும் கேட்டாள். பொம்மைதான், தெரியும். ஆனாலும் அன்றைக்கு இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் யோசியுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்ல நினைத்ததில் முக்கியமானது இதுதான். இதோடு இந்த வாரக் கதையை முடித்திருப்பேன்.

எங்கள் வீட்டுக்காரர் மட்டும் அந்த கேமை விளையாடாமல் இருந்திருந்தால்.

பழைய வாசகர்களுக்கு அவரை நன்றாகவே தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு — அவர் பெயர் ஜெயசீலன். கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறார். இங்கே நான் எழுதும் கதைகளில் பாதிக்கு அவர்தான் ஹீரோ, அதாவது காமெடியன். வாயில்லாப் பூச்சி. சர்ச் கமிட்டியில் ஒரு ஆள் குறைகிறதா? சரி என்பார். என் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் பந்தியைக் கவனிக்க வேண்டுமா? சரி. காலனியில் தண்ணீர்த் தொட்டி கழுவும்போது மேற்பார்வைக்கு ஆள் வேண்டுமா? அதற்கும் சரி. முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து ‘முடியாது’ என்று ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. சுபாவம் என்று நினைத்தேன்.

சாயங்காலம் முன் அறையில் நான் டியூஷன் எடுக்கும் நேரத்தில், உள் அறையில் அவர் அந்த கேமை விளையாடுவது எனக்குத் தெரியும். என்ன விளையாடுகிறார் என்று எட்டிப் பார்த்ததில்லை. பொழுது போகட்டுமே என்று விட்டுவிட்டேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளுக்கு முன்னால், மத்தியானச் சாப்பாடு முடிந்து, ஒரு தாம்பாளத்தில் முருங்கைக்கீரையை வைத்துக்கொண்டு உருவலாமே என்று அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

யார் யார் எத்தனை மணி நேரம் விளையாடினார்கள் என்று கேம் ஆரம்பிக்கும்போதே திரையில் காட்டும், அதுவரை நான் கவனித்ததில்லை. நான் பத்தொன்பது மணி நேரம். அவர் நூற்று ஐம்பத்தாறு மணி நேரம்!

ஏசப்பா, இந்த மனுஷனா?

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்த நிமிஷமே காத்திருந்தது. ஒரு கிழவர் வந்து, இந்தக் கடிதத்தை அடுத்த ஊரில் கொடுத்துவிடுங்கள் என்று அவரிடம் கேட்டார். இவர் முடியாது என்ற பதிலை அமுக்கினார். ஒரு வியாபாரி வழித்துணைக்குக் கூப்பிட்டான். முடியாது. ஒரு ராஜா, கிரீடம் வைத்த நிஜமான ராஜா, சிம்மாசனத்திலிருந்து எழுந்து வந்து என் நாட்டைக் காப்பாற்று வீரனே என்று கெஞ்சுகிறார். முடியாது! ஒவ்வொரு தடவை அமுக்கும்போதும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அப்படி ஒரு சிரிப்பை இந்த வீட்டில் நான் பார்த்ததே இல்லை. கையில் எடுத்த கீரைக் கொத்து கையிலேயே இருந்தது.

ராஜாவை அம்போ என்று விட்டுவிட்டு, குதிரை ஏறி ஒரு ஏரிக்கரைக்குப் போனார். அங்கே மர வீடு ஒன்று இருந்தது. மரம் வெட்டி, கல் சுமந்து அவரே கட்டிய வீடாம். உள்ளே ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு தட்டு. அந்த கேமில் கல்யாணம் செய்துகொள்ளலாம், பிள்ளைகளைத் தத்தெடுக்கலாம், வேலைக்கு ஆள் வைக்கலாம், நாய்கூட வளர்க்கலாம். ஜெனி எனக்குச் சொல்லியிருக்கிறாள். இவர் வீட்டில் ஒரு ஈ, காக்கை இல்லை. அவருடைய ஆள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்தான். இவரும் பார்த்தார்.

“ஏங்க, இம்புட்டுப் பெரிய உலகத்துல யாரையும் கூட்டியாரலையா?” என்று கேட்டேன்.

“இல்ல.”

“ஏன்?”

சொன்னார்.

கேட்டுவிட்டு மெதுவாக, நான் உங்களைப் பற்றி எழுதுவது உங்களுக்குப் பிடிக்கவில்லையா என்று கேட்டேன். எப்போதும்போல ‘அதெல்லாம் ஒண்ணுமில்ல லில்லி’ என்பார் என்று நினைத்துத்தான் கேட்டேன்.

அவர் கேமை நிறுத்தினார்.

“அந்தக் கல்யாண வீட்டுக் கதை புடிக்கல” என்றார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் அவர் செய்த சின்னத் தவறை இங்கே எழுதினேன். என்ன தவறு என்று இன்றைக்கு எழுத மாட்டேன். அந்த வாரம் உங்களிடமிருந்து எத்தனை கடிதம் வந்தது! சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நான் அதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் அவருக்கு வாசித்துக் காட்டினேன், பெருமையாக. கம்பெனியில் அந்தக் கதையை வைத்தே அவருக்கு ஒரு பட்டப்பெயர் வைத்து, நான்கு மாதம் அப்படியே கூப்பிட்டிருக்கிறார்கள். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் பையன்கள் உட்பட. எனக்கு அது அன்றைக்குத்தான் தெரியும்.

“அப்பவே சொல்லிருக்கலாம்ல?” என்றேன். கோபமாகத்தான் கேட்டேன். என் மேல் தப்பு இருக்கும்போதுதான் எனக்குக் கோபம் அதிகம் வரும்.

“நீ கேக்கலையே லில்லி. எழுதி, அனுப்பிட்டு, அப்பறந்தான் வாசிச்சுக் காட்டுன. எப்படி இருக்குன்னு கேட்ட. நல்லா இருக்குன்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.”

சொல்லிவிட்டு, கீரைத் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்து உருவ ஆரம்பித்தார். அவர் திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அதோடு முடிந்திருக்கும்.

ஜெனிக்குப் போன் போட்டேன். உங்கப்பா என்னமெல்லாம் சொல்கிறார் பாருடி என்று ஆரம்பித்தேன். அவள் கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. தனக்கு அது அப்போதே தெரியும் என்றாள். அப்பா சொன்னாரா என்றால், சொல்லவில்லையாம், முகத்தைப் பார்த்தாலே தெரிந்ததாம். ஓசூரில் இருக்கிறவளுக்கு வீடியோ காலில் தெரிந்த முகம், எதிரே உட்கார்ந்து சோறு போட்டவளுக்குத் தெரியவில்லை. அவமானமாக இருந்தது. இதை விட நாகரிகமாகச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.

இனி எழுதுவதில்லை என்றே முடிவு செய்தேன். போன வாரம் இந்த இடத்தில் பத்தி வரவில்லை, கவனித்திருப்பீர்கள். உடம்பு சரியில்லை என்று ஆசிரியரிடம் பொய் சொன்னேன். பத்தி ஏன் வரவில்லை என்று முதலில் கேட்டதே எங்கள் வீட்டுக்காரர்தான். எழுது என்றார். என்னத்தை எழுத என்றேன். நடந்ததை எழுது என்றார்.

எழுதினேன். எழுதியதை அனுப்புவதற்கு முன்னால், ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, அவர் கையில் கொடுத்தேன்.

“அனுப்பலாமாங்க? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க.”

கண்ணாடியை மாட்டினார். என் விடைத்தாள் கட்டிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தார். போல்ட்டில் மரை சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற கவனத்தோடு, ஒவ்வொரு வரியாக வாசித்தார். விளையாடிய நேரத்தை நூற்று நாற்பது என்று எழுதியிருந்தேன், அதை அடித்து நூற்று ஐம்பத்தாறு ஆக்கினார். ராஜா வருகிற இடத்தில் சிரித்தார். கல்யாணத்தைப் பற்றிய பாராவை இரண்டு தடவை வாசித்தார். அதை ஒன்றும் செய்யவில்லை.

பிறகு ஒரு பாராவை மட்டும், மேலிருந்து கீழ்வரை, ஒரே கோடாக அடித்தார். ஏரிக்கரை வீட்டில் ஏன் தனியாக இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதில் அது. என் கண்ணைப் பார்த்து, “இது வேண்டாம்” என்றார். இழுக்கவில்லை, மழுப்பவில்லை.

எழுதுகிறவளாகச் சொல்கிறேன், இந்தப் பத்தியிலேயே நல்ல பாரா அதுதான். ஒரு வார்த்தை பேசாமல் எடுத்துவிட்டேன்.

என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதிக் கேட்பீர்கள், தெரியும். கொட்டாம்பட்டியிலிருந்து ஒரு வாசகி போனே போடுவார். ஏழு வருஷத்தில் உங்களிடம் நான் எதையும் மறைத்ததில்லை. இந்த வாரம் மட்டும், மூஞ்சிக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன் — முடியாது.