கோயமுத்தூரிலிருந்து கடற்கரை விற்றேன்

கடல் இருக்கிற திசையைக்கூடச் சரியாகக் காட்டத் தெரியாத ஊரில் உட்கார்ந்துகொண்டு, கடலோரத்தில் ஓட்டல் கட்டப் பங்குதாரர் சேர்க்கிற வேலையில் ஒரு வசதி உண்டு: வாங்குகிறவருக்கும் கடலைத் தெரியாது, விற்கிறவளுக்கும் தெரியாது.

தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். காந்திபுரத்தில் ஒரு மாடியில் ஆபீஸ். முதலாளி நூல் மில் குடும்பத்துக்காரர். மில்லைத் தம்பிகளுக்கு விட்டுவிட்டுச் சுற்றுலாத் தொழிலில் இறங்கியிருந்தார். கிழக்குக் கடற்கரையில் பனையும் சவுக்குமாக ஒரு மணல்வெளியை வாங்கிக் கம்பிவேலி போட்டிருந்தார். அங்கே ஓட்டல் வரப்போகிறது, நீங்களும் பங்கு சேருங்கள் என்று ஊர் ஊராகப் போய்ச் சொல்வது என் வேலை. அந்தக் காலத்தில் தேக்கு மரத் திட்டம் விற்றவர்கள், இன்சூரன்ஸ் பிடித்தவர்கள், ஏலச்சீட்டுக்கு ஆள் சேர்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாய் துரத்தியதையும் மோர் கொடுத்து அனுப்பிவிட்டதையும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே சொல்லப்போகிறவை வேறு மாதிரியான சங்கடங்கள்.

போன தடம்

என் முதல் வாடிக்கையாளர் காங்கேயம் மாரப்பன். தேங்காய் எண்ணெய் மில் வைத்திருந்தார். மாடுகளும் உண்டு. மேய்ச்சலுக்குப் போன மாடு திரும்பாவிட்டால் குளம்புத் தடத்தைப் பார்த்தே எந்த மாடு, எப்போது போனது என்று சொல்லிவிடுவார் என்று ஊரில் பேச்சு. அவர் முன்னால் எங்கள் ஆல்பத்தை விரித்து வைத்தேன். வெறும் கடற்கரைப் படங்கள், மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்தவை. ஆட்கள் யாரும் இருக்கக் கூடாது, இடம் அமைதியாகத் தெரிய வேண்டும் என்று முதலாளி சொல்லியே எடுக்க வைத்தவை.

மாரப்பன் கடலையே பார்க்கவில்லை. மணலைத்தான் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் படத்திலிருந்து மறுபடியும் புரட்டினார். மணலில் காலடித் தடங்கள் இருந்ததை அப்போதுதான் நானும் கவனித்தேன். போட்டோ எடுத்தவருடையதாக இருக்கும் என்றேன். அப்புறம் ஸ்டுடியோவில் விசாரித்தபோது, போட்டோக்காரர் ஜீப்பை விட்டு மணலில் இறங்கவே இல்லை என்று தெரிந்தது. மாரப்பன் அன்றைக்கு ஆல்பத்தை மூடி என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அம்மணி, மூணு நாள் படத்துலயும் குதிகால் கரைப் பக்கம், வெரல் கடல் பக்கமுங்க. போன தடந்தான் இருக்குது, வந்த தடம் ஒண்ணையுங் காணோம்."

காதர் பாயின் பத்து நிமிடத் தூக்கம்

ஓட்டல் தொழில் தெரிந்த ஒருவர் சேர்ந்தால் மற்றவர்களுக்குத் தைரியம் வரும் என்று முதலாளி நினைத்தார். அப்படிப் பிடித்தவர்தான் கோட்டைமேட்டுக் காதர் பாய். டவுன்ஹால் பக்கம் அவருக்கு லாட்ஜ் இருந்தது. கட்டடம் வாங்கினாலும் மனை வாங்கினாலும் அந்த இடத்தில் பத்து நிமிடம் படுத்துப் பார்ப்பார். தூக்கம் வந்தால் வாங்குவார், வராவிட்டால் எழுந்து போய்விடுவார். முப்பது வருடமாக அதில் தான் ஏமாந்ததில்லை என்று, இடத்தைக் காட்ட ஜீப்பில் கூட்டிப் போன வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

நல்ல வெயில் நேரம். ஒற்றைப் பனை நிழலில் துண்டைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தார். உடனே குறட்டை வந்துவிட்டது. எனக்கு ஒரே சந்தோஷம். ஜீப் படியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணுக்கு எட்டிய வரை ஆள் இல்லை. பத்து நிமிடம் ஆவதற்குள் படக்கென்று எழுந்து உட்கார்ந்தார். எழுந்ததும் இரண்டு கையையும் கூப்பி, யாரிடமோ மன்னிப்புக் கேட்பவர் போல முன்னால் குனிந்தார். நான் ஓடினேன். தலைக்கு வைத்திருந்த துண்டு நாலு மடிப்பாக மடித்து ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. அவர் மடித்ததை நான் பார்க்கவில்லை. ஜீப்பில் ஏறிய பிறகு, இடம் பிடிக்கவில்லையா பாய் என்று கேட்டேன். "தூக்கம் நல்லா வந்துச்சும்மா. வாசல்ல படுக்காதீங்க, உள்ள வந்து படுங்கன்னு ஒரு அம்மா தோளத் தொட்டு எழுப்புனாங்க."

தேங்காய் நின்ற இடங்கள்

காதர் பாய் விலகிக்கொண்டார். என்ன காரணம் என்று கேட்ட முதலாளியிடம், தூக்கம் வரவில்லையாம் என்று சொல்லிவிட்டேன். அதுதான் இந்தத் தொழிலில் நான் மனசறிந்து சொன்ன முதல் பொய். அதற்கு மாறாக மாரப்பன் விலகவில்லை. நேரில் பார்க்கிறேன் என்று கிளம்பிவிட்டார். பங்கு சேர யோசித்துக்கொண்டிருந்த ஏழெட்டுப் பேர் அவரோடு வேனில் வந்தார்கள். தண்ணீர் பார்க்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று, நீரோட்டம் பார்க்கிற ரங்கசாமியையும் மாரப்பன் கூட்டி வந்திருந்தார்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது தெரியும். தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்து நடப்பார்கள், கீழே நீர் இருந்தால் அது எழுந்து நிற்கும். ரங்கசாமி செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் இறங்கினார். பத்தடி போவதற்குள் தேங்காய் நின்றது. ஒரு சவுக்குக் குச்சியை நட்டுவிட்டு நகர்ந்தார். படுத்தது. மறுபடி நின்றது. அப்படியே குச்சி நட்டுக்கொண்டே போனார். மற்றவர்கள் முதலில் கைதட்டினார்கள். போகப் போக வேன் பக்கமாக நகர்ந்துகொண்டார்கள். நான் வேனுக்குப் பின்னால் இருந்த மணல்மேட்டில் ஏறிப் பார்த்தேன். குச்சிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றன. நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு இடம். காதர் பாய் படுத்திருந்த பனை முதல் குச்சிக்கு நேர் முன்னால் இருந்தது.

ரங்கசாமி திரும்பி வந்தபோது தேங்காயை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். தண்ணீர் இருக்கிறதா என்று மாரப்பன் கேட்டார். இருக்கிறது, நல்ல தண்ணீர் என்றார். பிறகு ஏன் முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, கூலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு இதைச் சொன்னார்: "ஓடற தண்ணியா இருந்தா கோடாப் போகோணுமுங்க. இது ஊட்டுக்கு ஒரு கொடம் எடுத்து வெச்சாப்பல நிக்குதுங்க."

இரண்டாவது பந்தி

அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து அஞ்சலை என்கிற அம்மாளை ஏற்பாடு செய்திருந்தேன். எங்கள் ஆட்களுக்காகச் சைவச் சமையல். சவுக்கு நிழலில் எங்களுக்கு இலை போட்டார். அதற்கு முன்பே ஒவ்வொரு குச்சிக்கும் முன்னால் ஒரு இலை போட்டுச் சோறும் குழம்பும் வைத்துவிட்டு வந்தார். நான் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். தன் அப்பா காலத்தில் அங்கே ஒரு குப்பம் இருந்தது, ஒரு நாள் உச்சிவேளையில் கடல் உள்ளே வந்து எல்லோரையும் கொண்டுபோனது, அப்புறம் மணல் மூடிவிட்டது என்று சாதாரணமாகச் சொன்னார். அங்கே யார் அடுப்பு மூட்டினாலும் முதலில் அவர்களுக்கு வைத்துவிட வேண்டுமாம். நிலத்தை எழுதிக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லவில்லையே என்றேன். அவர்கள் அந்த ஊர்க்காரர்களே இல்லை என்றார்.

நாங்கள் சாப்பிட்டோம். எதிர் வரிசையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. காக்கை ஒன்றும் இறங்கவில்லை. கை கழுவிவிட்டு வந்தபோது மாரப்பன் என் தோளைத் தொட்டு அந்தப் பக்கம் காட்டினார். அந்த இலைகள் எல்லாமே மடிந்து கிடந்தன. உள்ளே வைத்த சோறு வைத்தபடி இருந்தது. காற்றில் மடிந்திருக்கும் என்று ஒருவர் சொன்னார். அஞ்சலையம்மா குனிந்து ஒவ்வோர் இலையாகப் பார்த்துக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. "தன் பக்கமாத்தான் மடிச்சிருக்காங்க. துக்கச் சோறுன்னு நெனைக்கல, விருந்துன்னு நெனைச்சுட்டாங்க."

காயாத போர்வை

அறைகளுக்கு மாதிரி காட்டச் சென்னிமலையில் கொஞ்சம் போர்வை நெய்து வாங்கி ஆபீஸில் அடுக்கியிருந்தோம். சித்திரை வெயிலில் அவை ஈரமாக இருந்தன. ஓரங்களில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. கொடுத்த வியாபாரியைக் கூப்பிட்டுத் திட்டினேன். அவர் போர்வையை முகர்ந்தார், ஓரத்தை நாக்கில் வைத்துப் பார்த்தார். சாயத்துக்கு நாங்களும் உப்புப் போடுவோம், இது அந்த உப்பில்லை என்றார். இருந்தாலும் நல்ல மனிதர். போர்வைக் கட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். மலையடிவாரப் பாறையில் நாலு நாள் விரித்துப் போட்டாராம். ஐந்தாம் நாள் அவரே பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் மாடிப்படியில் வைத்தார். "கோவிச்சுக்காதீங்க, எங்கூர் வெயில்ல காயாத துணியை நான் இப்பத்தானுங்க பாக்கறேன். குடோன்ல இது பக்கத்துல வெச்ச சரக்கெல்லாம் நனையுதுங்க."

நாச்சம்மாள் கேட்ட கேள்வி

இதற்குப் பிறகும் நான் வேலையை விடவில்லை. அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். நீங்களும் இப்படித்தான் பல நாள் பேசாமல் இருந்திருப்பீர்கள்.

வெள்ளகோவில் நாச்சம்மாளுக்கு அறுபது வயது இருக்கும். கணவர் இறந்த பிறகு முருங்கைத் தோட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மழை பொய்த்துப் பொய்த்து அவருக்குச் சலித்துவிட்டது. கண் நிறையத் தண்ணீர் தெரிகிற இடத்தில் கடைசிக் காலத்தைக் கழிக்க வேண்டும், தோட்டத்தை விற்றுவிட்டுப் பங்கு சேர்கிறேன், எனக்கு அங்கே ஓர் அறை கொடுத்துவிடுங்கள் என்றார். அவர் கையெழுத்துப் போட்டால் அவருடைய சொந்தக்காரர்கள் பத்துக் குடும்பம் போடும். அவரைக் கூட்டி வர முதலாளி காரையே அனுப்பினார்.

நான் காரில் போனபோது பட்டுச் சேலை கட்டித் தயாராக இருந்தார். கிளம்புவதற்கு முன் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தண்ணீர் வீணாகாமல் வாய்க்கால் மடையை மண் போட்டு அடைத்தார். விற்கப்போகிற தோட்டத்து மடையை அவர் அப்படி அடைத்ததைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. காரில் ஏறாமல் வரப்பிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தடம், பனை நிழல், குச்சி, இலை, போர்வை, ஒன்றும் விடவில்லை. சொல்லி முடித்தபோது அழுதுகொண்டிருந்தேன். பேயென்று சொல்லிப் பயப்படுவார், அல்லது பைத்தியம் என்று என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கையில் இருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார். பயம் ஒன்றும் இல்லை, செத்தவர்கள் இல்லாத காடு தோட்டம் எங்கே இருக்கிறது என்றார். பிறகு பட்டுச் சேலையை மாற்ற உள்ளே போகத் திரும்பியவர் நின்று கேட்டார்: "ஏனுங் கண்ணு, அங்க குடியிருக்கறவங்களை நீங்க யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

முதலாளி சொன்னது

காலி காரோடு திரும்பி முதலாளி அறைக்குப் போனேன். காதர் பாய் விஷயத்தில் பொய் சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். நாச்சம்மாள் வராமல் போனதற்கும் நான்தான் காரணம் என்றேன். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. மேஜைமேல் இருந்த ஓட்டலின் வரைபடத்தை மெதுவாகச் சுருட்டி ரப்பர் பாண்டு போட்டார். நெற்றியில் வியர்த்திருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எத்தனையோ இடம் பார்த்தும் அந்த மணல்வெளியை ஏன் வாங்கினேன் தெரியுமா என்று கேட்டார். புரோக்கரோடு முதல் தடவை அங்கே போய் இறங்கியபோது நாலைந்து பேர் இரண்டு பக்கமும் நின்று, வாங்க வாங்க என்று கூப்பிட்டார்களாம். ஒரு பெண் செம்பில் தண்ணீர்கூடக் கொடுத்தாளாம். மரியாதை தெரிந்த ஜனம், இங்கே தொழில் நடக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாராம். நான் எழுந்து கதவுவரை போனபோது பின்னாலிருந்து சொன்னார்: "போன வாரந்தான் புரோக்கரைக் கேட்டேன், அன்னிக்கு நம்மள வரவேத்தவங்களுக்கு ஏதாச்சும் குடுத்தியான்னு. நம்ம ரெண்டு பேரைத் தவிர அங்க யாருமே இல்லீங்களேன்னு சொல்றான்."

அந்த மாதமே கம்பிவேலியைப் பிரித்துவிட்டார்கள். ஓட்டல் வரவில்லை. முதலாளி ஆனைமலைப் பக்கம் தங்கும் விடுதி கட்டப் போனார், நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊர் ஊராக அலைந்து அறைகளை நிரப்பப் பார்த்த இரண்டு வருடத்தில் நான் தெரிந்துகொண்டது, அந்த ஓட்டல் கட்டுவதற்கு முன்பே நிரம்பித்தான் இருந்தது என்பதை மட்டும்தான்.