கடைசிப் பக்கங்கள் இல்லாத நாவல்

என் மேசையில் இப்போது ஒரே நாவலின் இரண்டு பிரதிகள் இருக்கின்றன. ஒன்று, போன மாதம் சென்னையில் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. ஒரு பக்கம் குறையவில்லை. மற்றதற்கு அட்டையும் இல்லை, முடிவும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். பிரித்தால் இன்றும் ஏரிச்சேறும் இறாலும் கலந்த வாசனை வரும். வாசனை என்று நான்தான் சொல்கிறேன். வீட்டில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெரிய எழுத்தாளர் ஒருவரின் பழைய இந்தி நாவல், தமிழாக்கம். எனக்கு இருபத்து மூன்று வயதில் பழவேற்காட்டில் ஒரு நூலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. கிழிந்தவை என்று கழித்த புத்தகங்களிலிருந்து இதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தங்கியது கோட்டைக்குப்பத்தில். நூலகம் பிற்பகலில்தான் என்பதால் காலை நேரம் முழுக்க என்னுடையது. ஏரிக்கரையில் உட்கார்ந்து படிப்பேன்.

அங்கே பதினோரு பெண்கள் ஏரியில் நீர்மட்டம் இறங்கக் காத்திருப்பார்கள். இடுப்பளவு வந்ததும் இறங்கி, தோளோடு தோள் உரச வரிசையாக உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். இடைவெளி விட்டால் இறால் நழுவிவிடும். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் தண்ணீரில் பேச்சே கிடையாது. பேச வேண்டியதை எல்லாம் கரையிலேயே பேசித் தீர்ப்பார்கள்.

"இன்னாம்மே, உனக்குள்ளயே படிச்சிக்கினு கீற? எங்களுக்கும் சொல்லு" என்றாள் பொன்னம்மா. வரிசையில் முதலாவதாக உட்காருகிறவள் அவள்தான். மறுத்துப் பேச ஆள் இல்லை.

படித்தேன். என் சுபாவப்படி பக்க எண், அடிக்குறிப்பு எதையும் விடவில்லை. "நம்பரெல்லாம் எதுக்கு? கதைய வுடாம சொல்லு, போதும்" என்று அதட்டினாள்.

நாவலில் ஒரு மனைவி ஆற்றுக்கு அக்கரையில் தேர் பார்க்கப் போகிறாள். திரும்ப ஓடம் கிடைக்காமல், விடிந்தபிறகே வீடு வருகிறாள். கணவன் கதவைத் திறக்கவில்லை. ஊரும் அவன் பக்கம்.

இதைப் படித்ததும் எல்லோரும் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. "இத உனக்கு யாருனா சொல்லிக் குடுத்தாங்களா?" என்று பொன்னம்மா மெதுவாகக் கேட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மாலையில் வீட்டுக்காரம்மா சொல்லித்தான் தெரிந்தது. பத்தடி தள்ளித் தனியாக உட்கார்ந்து, தனியாகவே இறால் பிடிக்கும் மங்கா, அந்த வரிசையில் பன்னிரண்டாவதாக இருந்தவள். சந்தையிலிருந்து திரும்பும்போது நீர் வற்றிப் படகு தரைதட்டியது. வேற்றூர்ப் படகுக்காரனோடு மணல்திட்டில் மாட்டிக்கொண்டாள். காலையில் வந்தவளுக்குக் கணவன் ஏழுமலை கதவைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் இருக்கிறாள். அவளை வரிசையிலிருந்து எழுப்பியவள் பொன்னம்மா.

அந்தப் புத்தகத்தை இனி எடுப்பதில்லை என்று நாட்குறிப்பில் எழுதினேன். மறுநாள் பொன்னம்மாவே கேட்டாள்: "எங்க புக்கு? அப்புறம் அவ இன்னா ஆனா?"

ஒன்பது நாள் படித்தேன். மங்காவுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். உயர்த்தியதை யாரும் கவனிக்கவில்லை என்று நம்பினேன். ஒன்பதாம் நாள் பாதி வாக்கியத்தில் நின்றேன்.

"மேல படி."

"இல்ல. கிழிஞ்சிருக்குது."

"அப்ப அவ எங்க போனா?"

ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். ஆற்றில் விழுந்திருப்பாள் என்றாள் ஒருத்தி. தாய்வீட்டுக்குப் போயிருப்பாள் என்றாள் இன்னொருத்தி. அப்போது பத்தடி தள்ளி உட்கார்ந்திருந்த மங்கா பேசினாள்.

"எங்கயும் போவல. இன்னும் வெளியதான் நிக்கிறா."

நீர் இறங்கியிருந்தது. பறியைக் கடித்துக்கொண்டு எல்லோரும் ஏரிக்குள் போனார்கள். பொன்னம்மா தன் இடத்துக்குப் போகவில்லை. நேராக நடந்து, மங்காவின் தோளில் தோள் பட உட்கார்ந்தாள். மற்ற பத்துப் பேரும் ஒவ்வொருவராக அந்தப் பக்கம் நகர்ந்து வரிசை கட்டினார்கள். நான் புத்தகத்தை ஈர மண்ணில் போட்டுவிட்டு எழுந்து நின்றிருந்தேன். கடைசிப் பக்கத்தில் இருக்கும் சேற்றுக்கறை அன்று பட்டதுதான்.

கரையேறியதும், இறால் கெடுமுன் வியாபாரியிடம் ஓட வேண்டிய நேரம். ஓடவில்லை. பன்னிரண்டு பேரும் ஈரப் புடவையோடு ஏழுமலையின் வாசலில் நின்றார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"ஏழுமல, கதவத் தொறக்கறியா, இல்ல மொத்த இறாலும் உன் வாசல்லயே நாறட்டுமா?" என்று பொன்னம்மா குரல் கொடுத்தாள்.

உள்ளே இருமல் கேட்டது. வெகுநேரம் கழித்துத் தாழ்ப்பாள் விலகும் சத்தமும் கேட்டது.

சென்னையில் வாங்கிய பிரதியில் முடிவைப் படித்தேன். அவள் மடத்தில் சேர்ந்து தொண்டு செய்கிறாள். ஊரே அவளைக் கும்பிடுகிறது. கதவு மட்டும் கடைசிவரை திறக்கவில்லை. அத்தனை பெரிய எழுத்தாளரும் துணியாததைப் பன்னிரண்டு பேர் இறாலைப் பணயம் வைத்துச் செய்தார்கள் என்று நினைக்கையில் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

போன ஞாயிறு கோட்டைக்குப்பம் போனேன். பொன்னம்மா இப்போது உயிரோடு இல்லை. ஏழுமலையும் இல்லை. நான் உட்கார்ந்து படித்த கரை மீது தார்ச்சாலை போகிறது. ஏழுமலையின் வீடு மாடியாகியிருந்தது. வாசலில் நாலு செங்கல்மேல் அந்தப் பழைய கதவைக் கிடத்தி, அதன்மேல் மங்கா இறால் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிவு கெடச்சிடுச்சி மங்கா."

அவள் நிமிரவில்லை. "தொறந்தானா?"

"தொறந்துட்டான்."

தலையசைத்துவிட்டு, இறாலைப் புரட்டிப் போட்டாள்.

அன்றைய நாட்குறிப்பில் பேருந்து எண் இருக்கிறது, போன நேரமும் வந்த நேரமும் இருக்கின்றன. அந்தக் கேள்வியும் பதிலும் மட்டும் இல்லை.