வாயாடி ஓட்சிலே வாயடைத்த நாள்

என் மருமகன் ஓட்சிலே தோணியைக் கழியால் தள்ளுகிறானா, வாயால் தள்ளுகிறானா என்று எங்கள் கரையில் கேட்பார்கள். நாணல் குடிசையில் பிறந்தவன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒன்பது வயதிலேயே ஒக்கவாங்கோ ஆற்றுத் தண்ணீரில் கழி ஊன்றியவன். என் மகள் செய்போனேவைப் பெண் கேட்டு அவனுடைய மாமன்மார் வந்தார்கள். மாப்பிள்ளை வரக் கூடாது என்பது எங்கள் வழக்கம். இவன் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, உள்ளே கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னான். பெரிய மாமன் எழுந்து போய், “வாய மூடுடா! இல்லன்னா உன் வாய்க்கே கல்யாணம் பண்ணி வச்சுடுவேன்” என்று விரட்டினார்.

அந்த வாய்தான் அவனுக்குச் சோறு போடுகிறது. வெளிநாட்டு விருந்தாளிகள் கரையில் வந்து இறங்கியதும் ஆரம்பித்துவிடுவான்.

“ஐயா, அம்மா, கேட்டுக்கோங்க. வெள்ளச் சட்ட வேணாம், ரெண்டு மைலுக்கு அந்தாண்ட கொக்கு மாதிரி தெரிவீங்க. சென்ட் போட்டா தேனீ உங்கள பொண்ணு பாக்க வந்துரும். தோணியில எந்திரிச்சு நிக்காதீங்க. கைய தண்ணிக்குள்ள விடாதீங்க, கைகுலுக்க அங்க முதல இருக்கு. ஷூவ தட்டிப் பாத்துட்டு மாட்டுங்க. ஜூலைக் குளிர்ல ஸ்வெட்டர் இல்லாம வந்துட்டு என் போர்வைய கேக்காதீங்க. ஆன வந்தா ஓடாதீங்க. வாய மூடிக்கிட்டு அப்படியே நில்லுங்க.”

“கடைசியில சொன்னது அவங்களுக்கா, உனக்கா மாப்ள?” என்பேன் நான். முப்பது வருஷமாக நானும் தோணிக்காரன்தான். அவனுக்குப் பின்னால் என் தோணி வரும்.

“எனக்கும் ஆனைக்கும் பழக்கம் மாமா. அதுகிட்ட பேசியே அனுப்பிருவேன்.”

அன்று காலை ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். தோணியில் கால் வைக்கும்போது போன் வந்தது. செய்போனேவுக்குப் பெண் குழந்தை! எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தாத்தா! ஓட்சிலே தண்ணீரிலேயே குதித்தான்.

“நீ வீட்டுக்குப் போ மாப்ள, நான் பாத்துக்கறேன்.”

“போயி? வாசல்ல கட்டைய குறுக்க போட்டிருப்பாங்க. தொப்புள்கொடி விழுற வரைக்கும் ஆம்பளைங்க நமக்கெல்லாம் உள்ள எடமில்ல. சாயங்காலம் சுவத்துக்கு வெளிய நின்னு என் புள்ள அழுற சத்தத்தக் கேட்டா போதும் மாமா.”

வழியெல்லாம் குழந்தையைப் பற்றியே பேசினான். விருந்தாளிகளை நடத்திக் கூட்டிப்போகும் தீவில் இறங்கியும் நிறுத்தவில்லை. இறங்கியதும் ஒரு பிடி மணலை எடுத்து உதிர்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பது எங்கள் முதல் வேலை. அவன் பார்க்கவில்லை. பேரப்பிள்ளை மயக்கத்தில் நானும் பார்க்கவில்லை. காற்று எங்கள் முதுகில் அடித்தது. எங்கள் வாசனையை முன்னால் கொண்டுபோய்க் கொடுத்தது.

பனைக் கூட்டத்துக்குள்ளிருந்து ஒற்றை ஆண் யானை வெளியே வந்தது. இருபது அடி தூரம்.

எங்களிடம் துப்பாக்கி கிடையாது. விருந்தாளிகளை என் முதுகுக்குப் பின்னால் இழுத்தேன். அந்த அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஓடவில்லை. சொன்னதைக் கேட்ட மகராசி. ஓட்சிலே முன்னால் நின்றான், இரண்டு கையையும் விரித்தபடி. இப்போது பேசுவான் என்று நினைத்தேன். சத்தமே இல்லை.

யானை காதை விரித்தது. வானத்தில் பாதி மறைந்தது. அவன் பக்கம் தும்பிக்கையை நீட்டி மோந்தது. அதன் வயிற்றுக்குள் உருளும் சத்தம் என் காலடி மண்ணில் தெரிந்தது. அதன் கண்ணிமை மயிர் எவ்வளவு நீளம் தெரியுமா! அத்தனை பெரிய உடம்பில், அவ்வளவு சின்ன, ஈரமான கண். அது எங்களைப் பார்த்தபோது, முப்பது வருஷமாக நான் யானையைப் பார்த்ததே இல்லையோ என்று தோன்றியது.

பிறகு அது நெற்றியைப் பனையில் முட்டி உலுக்கியது. காய்கள் பொத் பொத்தென்று விழுந்தன. ஒரு காய் ஓட்சிலேயின் கால் பக்கத்தில் வந்து நின்றது. யானை நடந்து வந்து அதையும் எடுத்துக்கொண்டது. ஒவ்வொன்றாகத் தின்றுவிட்டு, அவசரமே இல்லாமல் தண்ணீரில் இறங்கி அக்கரைக்குப் போனது.

ஓட்சிலே மண்ணில் உட்கார்ந்தான். ஒரு பிடி மணலை எடுத்து உதிர்த்தான். அது பறந்த திசையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். கரை சேரும்வரை ஒரு வார்த்தை இல்லை.

“உங்க மருமகன் ஊமையாயிட்டாரா?” என்று அந்த ஐயா என்னிடம் கேட்டார்.

“இன்னிக்கு மட்டும்தான் ஐயா. நீங்க குடுத்து வச்சவரு.”

சாயங்காலம் வீட்டுக்குப் போனோம். வாசலில் கட்டை கிடந்தது. செய்போனேவின் சித்தி உள்ளேயிருந்து கத்தினாள். “அங்கயே நில்லு! காட்டுல சுத்துன காலுல சூடு இருக்கும். புள்ளைக்கு ஆகாது!”

நின்றான். உள்ளே குழந்தை அழுதது, சின்னக் கன்றுக்குட்டி மாதிரி. இரண்டு கையையும் விரித்துச் சுவரில் வைத்தான். யானை முன்னால் நின்ற அதே நிலை. கண்ணீர் மட்டும் வழிந்தது.

“என்னடா, வாயாடி வந்திருக்கானா இல்லையா? சத்தத்தயே காணோம்!” என்றாள் சித்தி.

பெயர் வைக்கும் உரிமை எனக்கு. அங்கேயே வைத்தேன்: திடிமாலோ. அமைதி என்று அர்த்தம்.

எங்கள் வழக்கப்படி, பிள்ளை பிறந்த பிறகு பிள்ளை பெயரால்தான் தகப்பனைக் கூப்பிடுவோம். அதனால் இப்போது கரையில் எல்லோரும் அவனை ‘அமைதியின் அப்பா’ என்று கூப்பிட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். அவன் பழையபடி பேசிக்கொண்டேதான் தோணி தள்ளுகிறான். ஆனால் தீவில் இறங்கியதும் வாயை மூடி, ஒரு பிடி மணல் எடுக்கிறான். அது விழுந்து முடியும்வரை பேச்சில்லை.