மாகிம் கோட்டை பார்க்கப் போனவள்

இல்லை, நகுலேஸ்வரி உல்லாசத்துக்குப் போகவில்லை. படுக்கையில் கிடக்கிற புருசனை மகளின் தலையில் கட்டிவிட்டுப் பம்பாய் சுற்றிப்பார்க்கப் போனாள் என்று லண்டன் மனோர் பார்க் முழுக்கச் சொல்லித் திரிகிறார்கள். கோயிலில் அன்னதானத்துக்கு நிற்கும்போதும் அந்தக் கதை, ஈஸ்ட் ஹாமில் சீலை விரித்துப் பார்க்கும்போதும் அந்தக் கதை. சொல்கிறவர்களில் ஒருத்தியாவது அந்த மனிதருக்கு ஒரு கரண்டி கஞ்சி பருக்கியிருப்பாளா? பாரிசவாதம் வந்து விழுந்த நாளிலிருந்து அவரைப் புரட்டி, துடைத்து, பருக்கித் தன் முதுகை ஒடித்துக்கொண்டவள் அவள். அது ஒருவர் வாயிலும் வராது. பம்பாய் மட்டும் வரும்.

கதையைத் தொடக்கியவள் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரி. அவள் கண்டது பொய்யில்லை, ஆனால் பாதியைத்தான் கண்டாள். ரசம் கொண்டு உள்ளே வந்தபோது, முன்னறைக் கட்டிலோரம் நகுலேஸ்வரி இருக்கிறாள். மடியில் பளபளவென்று ஒரு சுற்றுலாப் புத்தகம். அவள் புருசன் பாலேந்திரா வாய் கோணி அழுதுகொண்டிருக்கிறார்.

"என்னடி இது, எழும்ப ஏலாத மனிசனுக்கு ஊர்ப்படம் காட்டி அழ வைக்கிறாய்?"

"பம்பாய் பாக்கப் போறன் அக்கா. எங்கை போறதெண்டு இவரைக் கேக்கிறன்."

"நல்ல ஆளைத்தான் பிடிச்சாய். அவர் வாய் நிறையச் சொல்லுவார், கேள்."

ரசச் சட்டியை மேசையில் வைத்துவிட்டு அவள் போய்விட்டாள். சட்டியைத் திருப்பி வாங்க வருவதற்குள் கதை ஊர் சுற்றிவிட்டது.

மற்றப் பாதி இதுதான். நகுலேஸ்வரி உண்மையாகவே அவரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரைத் தவிர உலகத்தில் வேறு ஒருவருக்கும் அது தெரியாது.

எண்பத்தாறில், ஊர்ச் சண்டைக்குத் தப்பியவர்களை ஜெர்மனிக்கு ஏற்றுகிறேன் என்று கூட்டிக்கொண்டு வந்த ஏஜென்சிக்காரன் அவர்கள் இரண்டு பேரையும் பம்பாயில் ஒரு லொட்ஜ் அறைக்குள் வைத்துப் பூட்டினான். யன்னலைத் திறக்கக் கூடாது, உரத்துக் கதைக்கக் கூடாது. பம்பாயில் இருந்த காலம் முழுக்க அவள் பம்பாயைப் பார்த்ததில்லை. அந்த அறைக்குள்தான் அவளுக்கு ஒரு ஆண்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது டொக்டரிடம் கொண்டுபோக ஏஜென்சிக்காரன் விடவில்லை. பொலிஸ் பிடித்தால் லொட்ஜில் ஒளித்திருக்கும் எல்லாரும் உள்ளே என்றான். பிள்ளை முப்பத்தோராம் நாள் சடங்கைக் காணாமலே போய்விட்டது. பெயர்கூட வைக்கவில்லை.

விடியப்புறம் பாலேந்திரா பிள்ளையைத் துவாயில் சுற்றி எடுத்தார். அவள் துவாயை விடவில்லை. அவர் அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பச்சைப் பிள்ளையை எரிப்பதில்லை, புதைப்பதுதான். அந்த இடத்துக்குப் பெண்கள் போவதுமில்லை. ஏஜென்சிக்காரனின் ஆளோடு போனவர் மத்தியானம் திரும்பினார். செருப்பெல்லாம் கடல்மண்.

எங்கே என்று அவர் சொல்லவில்லை. ஜெர்மனியில் ஒருக்கால் கேட்டாள். சாப்பாட்டுக் கோப்பையை விட்டு எழும்பிப் போனவர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. அங்கே கோசிகா பிறந்தாள், பிறகு லண்டன், கடை, வீடு. கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது. ஒருநாள் சொல்லுவார் என்று அவள் பொறுத்திருந்தாள். சொல்லுகிற வாயைத்தான் நோய் முதலில் கொண்டுபோனது.

இன்னொரு முறை வாதம் வந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொன்ன கிழமை, கோசிகா தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, எங்கையாவது கொஞ்சம் போட்டு வாங்கோ. நான் லீவு எடுத்து அப்பாவைப் பாக்கிறன்."

"அப்ப பம்பாய் போறன்."

"பம்பாயோ? அங்கை எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லையே."

நகுலேஸ்வரி கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

சுற்றுலாப் புத்தகம் வந்தது. பருக்கி முடிந்ததும் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் விரித்தாள். கேற்வே என்கிற கடல் வாசலைக் காட்டினாள், பெரிய ஸ்டேஷனைக் காட்டினாள், மகாலட்சுமி கோயிலைக் காட்டினாள். "இதுக்குக் கிட்டவோ?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். சௌபாட்டிக் கடற்கரையில் விரலை ஊன்றிப் பிடித்தாள். அதற்கும் மூடினார். பின்பக்கத்து மூலையில் நெருப்புப்பெட்டி அளவில் ஒரு படம் இருந்தது, கடலுக்குள் இடிந்து நிற்கிற மாகிம் கோட்டை. அவள் பக்கத்தைத் திருப்பப் போக, அவருடைய இடது கை எழும்பி வந்து புத்தகத்தின் மேல் விழுந்தது. இழுத்தாள், கை எடுபடவில்லை, அவர் அழத் தொடங்கினார். அப்போதுதான் ஜெகதீஸ்வரி ரசத்தோடு வந்தாள்.

அடுத்த நாளே ஈஸ்ட் ஹாமில் டிக்கட் போடுகிற சுபாஸ்கரனிடம் போனாள்.

"அக்கா, மூண்டு நாள் காணும். கேற்வே, குகைக்கோயில், ராவிலை கடற்கரை வெளிச்சம். ராணி மாதிரிப் போட்டு வருவியள்."

"மாகிம் கோட்டை."

"உடைஞ்ச சுவர் அக்கா அது. சுத்திவரக் குடிசையள். பாக்க என்ன கிடக்கு?"

"மூண்டு நாளும் அங்கைதான். கிட்டடியிலை ஒரு அறை பிடிச்சுத் தா, தம்பி."

"காசைக் குடுத்துக் குப்பை பாக்கப் போற முதல் ஆள் நீங்கள்தான்," என்று சிரித்துக்கொண்டு கம்பியூட்டரில் தட்டினான். அவனுக்கு என்ன தெரியும்.

அந்தச் சிரிப்பைக் கூட வந்திருந்த கோசிகாவும் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் ஏன் அந்தக் கோட்டை என்று தாயை விடவில்லை. நகுலேஸ்வரி குசினியில் வெங்காயத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அங்கை உன்ர அண்ணா கிடக்கிறான்."

கோசிகா கதிரையில் இருந்துவிட்டாள். பிறகு கேட்டாள். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு எந்த இடமெண்டு எப்பிடியம்மா கண்டுபிடிப்பியள்? மேலை வீடே கட்டியிருப்பாங்கள்."

"தெரியாட்டிச் சுவர் நீளத்துக்கும் பால் வார்ப்பன். எங்கையாவது அவனிலை படும்."

"அப்பாவுக்கு ஏதும் நடந்தால்?"

அவர் இருக்கும்போதே போனால்தான் படம் எடுத்து வந்து இதுவோ என்று கேட்கலாம். போன நேரத்தில் அவர் போய்விட்டால் பிள்ளை, புருசன் இரண்டு பேரின் கடைசிப் பயணத்திலும் பக்கத்தில் நிற்காதவள் ஆவாள். இது அவளுக்குத் தெரியாமலா இருந்தது?

போகிற அன்று காலை அவருக்கு முகம் மழித்தாள், கஞ்சி பருக்கினாள், வாய் துடைத்தாள். டாக்சி வந்து நின்றது. குளிருக்குக் கோட்டு மாட்டிக்கொண்டு குனிந்தாள்.

"போட்டு வாறன். கோட்டையைச் சுத்திப் படம் எடுத்துக்கொண்டு வாறன், நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும். அதுவரைக்கும் இருங்கோ."

அவருடைய இடது கை அவளுடைய கோட்டுக் கையைப் பிடித்தது. போகாதே என்றா, என்னையும் கொண்டுபோ என்றா, யார் கண்டது. முன்யன்னலுக்கு வெளியே, தன் வீட்டு வாசற்படலையில் நின்ற ஜெகதீஸ்வரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மனிசன் விடமாட்டேன் என்று பிடிக்க இவள் பறித்துக்கொண்டு போனாள் என்று பிறகு சொன்னதும் அவள்தான்.

பறிக்கவில்லை. நகுலேஸ்வரி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். கடைசி விரலைக் கொஞ்சம் வைத்திருந்தாள். பிறகு அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்து மூடிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவால் வெளியே போனாள்.